தட்டு மறையும் ஆழம்

மர மேடையின் விளிம்பில் குப்புறப் படுத்திருக்கிறேன். முகத்துக்கும் நீருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. வலது கையில் கயிறு. அதன் நுனியில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தட்டு; நான்கு கால்பகுதிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியிருக்கும். அடியில் ஒரு கனமான எடை. கயிற்றை நழுவவிடுகிறேன். முதலில் வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. அரை மீட்டர் இறங்கியதும் அதில் பச்சை ஏறுகிறது. ஒரு மீட்டரைத் தாண்டியதும் கறுப்புப் பகுதிகள் நீரோடு நீராகிவிடுகின்றன; வெள்ளை மட்டும் இரண்டு இதழ்கள்போல மிதக்கிறது. பிறகு அதுவும் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும் இடம் ஒன்று வருகிறது. அங்கே கயிற்றில் துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைச் செருகுகிறேன். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மெல்ல மேலே இழுக்கிறேன். வெளிறிய புள்ளி மறுபடி தென்படும் இடத்தில் இரண்டாவது கிளிப். இரண்டுக்கும் சராசரி எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுகிறேன்: 1.9 மீட்டர்.

ஐந்து ஆண்டுகளாக, மாதத்துக்கு இரண்டு முறை இதைச் செய்துவருகிறேன். ஓர் ஏரி, அதில் வந்து விழும் ஓர் ஓடை, அந்த ஓடையில் இரண்டு இடங்கள். மூன்று இடத்திலும் நீரின் வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன். ஏரியில் மட்டும் தட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓடையின் அடியில் வாழும் பூச்சிகளின் கணக்கு. கூலி கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு நீர்நிலையைப் பிரித்துக்கொண்டு, எப்போதும் இரண்டிரண்டு பேராகப் போகிறோம். நீர்க்கரைக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. நல்ல நீச்சல்காரர்களுக்கும் அதில் விலக்கு இல்லை.

"என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. போன முறை 1.9, இம்முறை 1.9. ஆக்சிஜன் போன முறை 8.1, இம்முறை 7.9. இதைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். அந்த ஏமாற்றத்தை எப்படியாவது போக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்காத நாட்களின் எண்கள்தான் என் கையில் இருப்பவற்றிலேயே விலைமதிப்புள்ளவை என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

தட்டிலிருந்தே தொடங்குகிறேன். இதைச் செக்கி தட்டு என்பார்கள். ஆஞ்சலோ செக்கி இத்தாலியைச் சேர்ந்த பாதிரியார்; வானியல் அறிஞர். சூரியனையும் விண்மீன்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த அவரை, போப்பின் கடற்படைத் தளபதியாக இருந்த அலெஸ்ஸாந்த்ரோ சியால்தி கடல்நீரின் தெளிவை அளக்க உதவி செய்யும்படி அழைத்தார். 1865 ஏப்ரலில் மத்தியதரைக் கடலில், போப்பின் நீராவிக் கப்பல் ஒன்றிலிருந்து வட்டத் தட்டுகளை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார்கள். தட்டின் அளவு, நிறம், சூரியனின் உயரம், பார்ப்பவர் நிழலில் நிற்கிறாரா வெயிலில் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கறுப்பு வெள்ளைக் கால்பகுதிகள் பின்னால் வந்தவை. மற்றபடி அந்தக் கப்பலில் நடந்ததற்கும் நான் மேடையில் படுத்துக்கொண்டு செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மின்கலம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு தட்டு, ஒரு ஜோடிக் கண்.

எளிய கருவி என்பதால் ஏனோதானோவென்று செய்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் கழற்ற வேண்டும். மேடையின் நிழல் விழும் பக்கத்தில்தான் இறக்க வேண்டும்; வெயில் பக்கம் என்றால் நீரின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை சாய்ந்த பிறகும் வேண்டாம். கயிறு நனைந்து நனைந்து நீளும் என்பதால் ஆண்டுக்கொரு முறை அளவுக்கோலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் ஒரே ஒரு காரணத்துக்காக: இன்றைய 1.9, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய 1.9-உடன் ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1968 முதல் இந்தத் தட்டை இறக்கி வருகிறார்கள். அந்த முதல் ஆண்டின் சராசரி 31.2 மீட்டர். இன்று அது 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இன்றும் அது நீலமாக, பார்த்த கண் பூத்துப்போகும் அழகோடுதான் இருக்கும். பத்து மீட்டருக்கு மேல் தெளிவு போய்விட்டது என்பதை அந்த ஏரி யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சலிக்காமல் எழுதிய எண்கள் சொல்கின்றன.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். எங்கள் குழுவில் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். மருத்துவமனையில் நாற்பது ஆண்டுகள் நாடியும் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்து அட்டவணையில் எழுதியவர். "நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளைப் பார்த்திருக்கிறீர்களா, தம்பி? அதில் நான்கு நாள் எண்கள் இருந்தால்தான் ஐந்தாம் நாள் எண்ணுக்கு அர்த்தம் உண்டு" என்று முதல் நாளே சொன்னார். அன்று அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முறையைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகம் விரும்புகிறேன். மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன, சுலபம்தான். ஆனாலும் நாங்கள் பழைய முறையைக் கைவிடவில்லை. ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை அது. சிறிய கண்ணாடிக் குப்பியை நீருக்குள் முழுக்கி, வாயைச் சாய்த்து, மெல்ல நிரப்ப வேண்டும். விரலால் தட்டித் தட்டிப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். மூடியையும் நீருக்குள்ளேயே போட வேண்டும். ஒரு சிறு காற்றுக்குமிழி உள்ளே தங்கிவிட்டாலும் போயிற்று. அதிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும்.

வெளியே எடுத்து, மாங்கனீஸ் சல்பேட் எட்டுச் சொட்டு, காரம் கலந்த அயோடைடு எட்டுச் சொட்டு. மூடித் தலைகீழாகப் புரட்டினால் குப்பிக்குள் மேகம் எழுவதுபோல வீழ்படிவு திரளும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு. துளியும் இல்லையென்றால் வெள்ளை. அந்தப் பழுப்புத் துகள்கள் ஆற அமர இறங்கும், அவசரப்படுத்த முடியாது. குப்பியின் தோள் வரை தெளியும்வரை காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நானும் அக்காவும் பேசிக்கொள்வதே இல்லை; இரண்டு பேரும் குப்பியையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அமிலம். சொட்டுச் சொட்டாக விட்டுப் புரட்ட, பழுப்பெல்லாம் கரைந்து தெளிந்த தேன் நிறத்துக்கு வரும். நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அந்தக் கணக்குக்குச் சமமாக அயோடின் பிரிந்து நிற்கிறது என்பதே அந்த நிறத்தின் பொருள்.

கடைசிக் கட்டம்தான் உயிர். அளவுகோடுள்ள சிறு ஊசிக்குழலிலிருந்து, அயோடினை நிறமிழக்கச் செய்யும் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். தேன் நிறம் வெளிறி, காய்ந்த வைக்கோல் நிறமாகிறது. இப்போது ஸ்டார்ச் கரைசல், சட்டென்று மைநீலம். மறுபடி தயோசல்பேட். ஒரு சொட்டு விழும் இடத்தில் மட்டும் நீலம் விலகி, சுழன்று, திரும்பவும் மூடிக்கொள்கிறது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. பிறகு ஒரே ஒரு சொட்டில், கண் இமைப்பதற்குள், குப்பி வெறும் தண்ணீர்போல நிறமற்றுப் போய்விடுகிறது. ஊசிக்குழலின் கோட்டைப் படித்தால் ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் என்று தெரிந்துவிடும். நூறு முறைக்கு மேல் செய்துவிட்டேன். அந்தக் கடைசிச் சொட்டில் இன்றும் என் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

எண்ணைப் படிக்கவும் பழக வேண்டும். நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜனைத் தாங்கும் திறன் குறையும். 10 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் வரை தாங்கும். 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.6 அளவுதான். ஆகவே கோடையில் 7.4 என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அதே 7.4 என்றால் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. ஐந்துக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறத் தொடங்கும். இரண்டுக்குக் கீழே போனால் தப்பிக்க முடிந்தவை தப்பிக்கும், மற்றவை மாளும்.

நேரமும் சேர்த்துத்தான் எண். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து நீரில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. இரவில் அவையும் சுவாசிக்கின்றனவே ஒழியச் சேர்ப்பதில்லை. அதனால் விடிவதற்குச் சற்று முன்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். முதல் ஆண்டு ஒரு நாள் அக்கா என்னை விடியும் முன்பே ஏரிக்கு அழைத்துப்போனார். விளக்கு வெளிச்சத்தில் அளந்தோம்: 4.6. அதே இடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்து அளந்தோம்: 10.8. ஒரே ஏரி, ஒரே நாள். "இதில் எது உண்மை?" என்று கேட்டேன். "இரண்டுமே. நேரத்தை எழுதாமல் விட்டால் இரண்டுமே பொய்" என்றார். அன்று முதல் எண்ணை எழுதும் முன் மணியை எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டின் கோடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐந்து நாட்களாகக் காற்றே இல்லாமல் மேகமூட்டமாக இருந்தது. வழக்கமான நேரத்தில் போய் வழக்கம்போல் செய்தேன். ஊசிக்குழலில் பாதிகூடப் போகவில்லை, நீலம் மறைந்துவிட்டது: 4.0. அதே ஏரியில் அதே மாதத்தில், அந்த நேரத்தில் எட்டுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. கை தவறிவிட்டது என்றே தோன்றியது. மாங்கனீஸ் சொட்டுகள் குறைந்திருக்கலாம், ஸ்டார்ச் பழையதாக இருக்கலாம் என்று காரணங்களை அடுக்கினேன். குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுகூட நினைத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்குவதை அக்கா பார்த்துவிட்டார். "திரும்பச் செய்யுங்கள். இரண்டையும் எழுதுங்கள்" என்றார். செய்தேன்: 4.2. இரண்டையும் எழுதினேன்.

கை தவறவில்லை. முந்தைய வாரங்களில் ஏரியில் பாசி மண்டியிருந்தது, தட்டு 0.7 மீட்டரிலேயே மறைந்துகொண்டிருந்தது. அந்தப் பாசி ஒட்டுமொத்தமாகச் செத்து மூழ்கத் தொடங்கியிருந்தது. செத்த பாசியை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. மேகமூட்டத்தில் ஒளிச்சேர்க்கை குறைவு. காற்றில்லாததால், வெளியிலிருந்து ஆக்சிஜனைக் கலந்துவிடும் அலையும் மேல்நீரில் இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவிட்டன. நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால், அந்த ஆண்டில் அந்த ஏரிக்கு நேர்ந்த மிகப் பெரிய விஷயம் குறிப்பேட்டில் இடம்பெறாமலே போயிருக்கும்.

பாசி ஏன் மண்டுகிறது என்பதற்கு விடை பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு படத்தில் கிடைத்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும் அவற்றில் 226 என்ற எண்ணிட்ட ஏரியை, அதன் இடுப்புபோலக் குறுகிய பகுதியில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைக் குழம்பாக மாறியது. மற்றது கருநீலமாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். சலவைத் தூள்களில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அந்தப் படம் கைகொடுத்தது. வயலுக்குப் போடும் உரம், கழிவுநீர், அடித்துச் செல்லப்படும் மண் என எந்த வழியில் வந்தாலும் பாஸ்பரஸ் பாஸ்பரஸ்தான்.

பச்சை என்றால் வெறும் அழகுக்கேடு என்று எண்ணிவிட வேண்டாம். நீலப்பச்சைப் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், ஏரி நீரை எடுத்துச் சுத்திகரித்து வழங்கும் குழாய்நீரில் அந்த நஞ்சு தென்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நீர் ஆவியாகி வற்ற வற்றச் செறிவு கூடும். ஆகவே கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோலப் படலம் தெரிந்தால் நாங்கள் தட்டை இறக்குவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு மாதிரி மட்டும் எடுத்து, உரிய இடத்துக்குச் சொல்லிவிட்டு, கரைக்கு வருபவர்களிடம் நாய்களையும் குழந்தைகளையும் நீரில் இறக்க வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே திரும்புவோம்.

"தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, குடிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அளவீடுகள் அதைச் சொல்லாது. பூச்சிக்கொல்லியையோ ஈயத்தையோ எங்கள் பெட்டியில் உள்ள எதனாலும் பார்க்க முடியாது. தெளிவு நல்லதற்கு அடையாளம் என்பதும் எப்போதும் சரியாக வராது. அமில மழையால் அமிலமேறிய ஏரிகள் பல, உயிர்கள் குறைந்ததாலேயே கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்திருக்கின்றன. அதனால்தான் தட்டை மட்டும் நம்பாமல், கல்லைப் புரட்டியும் பார்க்கிறோம்.

ஓடையில் நீர் கற்களின் மேல் சலசலத்து ஓடும் இடமாகப் பார்த்து, கீழ்ப்புறம் வலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். மற்றவர் வலைக்கு முன்னால் உள்ள கற்களைக் கையால் தேய்த்து, காலால் அடிமணலைக் கிளறிவிடுவார். மூன்று நிமிடம். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் முதலில் இலைச்சருகும் மணலும்தான் தெரியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு சருகு நகர்கிறது. உற்றுப் பார்த்தால் அது சருகு இல்லை, மணல்துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் குழல் செய்து அதற்குள் குடியிருக்கும் காடிஸ்ஃபிளைப் புழு. மூன்று வால்களோடு, வயிற்றின் இரு பக்கமும் இறகுபோன்ற செவுள்கள் படபடக்க நிற்பது மேஃபிளையின் இளம்பருவம். இரண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. இந்த மூன்று கூட்டத்தாரில் பெரும்பாலோருக்கு ஆக்சிஜன் நிறைந்த தூய நீர் வேண்டும். நீர் கெடக் கெட இவை போய், ஹீமோகுளோபின் இருப்பதால் சிவந்து கிடக்கும் இரத்தப்புழுக்களும் சேற்றுப்புழுக்களும் மட்டுமே மிஞ்சும். ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909 ஆண்டுகளிலேயே எந்த உயிர் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் பின்னர் வந்த மதிப்பெண் முறையில் தூய நீர் கேட்கும் மேஃபிளைக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பத்து, சேற்றுப்புழுவுக்கு ஒன்று.

நான் அளக்கும் ஆக்சிஜன் அந்த நேரத்து ஆக்சிஜன். பூச்சியோ மாதக்கணக்கில் அந்த நீரிலேயே கிடந்திருக்கிறது. நான் தூங்கிய இரவுகளிலும் அது அங்கேதான் இருந்தது.

மூன்றாம் ஆண்டுக்கு வருகிறேன். ஓடையின் கீழ்ப்புள்ளியில் மின்கடத்துதிறன் அதுவரை 190-க்கும் 260-க்கும் இடையேதான் ஆடிக்கொண்டிருந்தது. சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்பது அதன் அலகு. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் எண் அது. பெருமழைக்குப் பிறகு எங்கள் ஓடையில் குறையும். வறண்ட நாட்களில் ஏறும். 34 மாதங்களில் 66 அளவீடுகள். சலிப்பூட்டும் எண்கள். மின்கடத்துதிறனை விட்டுவிட்டு வேறு எதையாவது அளக்கலாமே என்று அதற்கு முந்தைய மாதம்தான் குழுவில் பேசியிருந்தேன்.

அன்று காலை கருவி 930 காட்டியது. மழை இல்லை. நீர் பளிங்குபோலத் தெளிவு. வாடை இல்லை, நுரை இல்லை. ஆக்சிஜனும் சரியாகத்தான் இருந்தது. கண்ணை மட்டும் நம்பும் எவரும் அந்த ஓடையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். கருவியைச் சந்தேகப்பட்டேன். 1413 காட்ட வேண்டிய திட்டக் கரைசலில் முக்கிப் பார்த்தோம், 1409 வந்தது. கருவியில் தவறில்லை. ஓடையோரமாக மேலே நடந்து, நூறு நூறு அடிக்கு ஒரு முறை முக்கிக்கொண்டே போனோம். 940. 955. 990. ஒரு மழைநீர்க் குழாய் வந்து விழும் இடத்தைத் தாண்டி முக்கினால் 215. குழாய் வாயில் கையளவு நீர் அமைதியாக ஒழுகிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அன்றே எழுதி, பொறுப்புள்ள அலுவலகத்துக்கு அனுப்பினோம். தன்னார்வலர்களின் ஒற்றை அளவீட்டை வைத்து நடவடிக்கை எடுக்க இயலாது என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது; மறைக்கவில்லை. அக்காவுக்கு வரவில்லை. "அவர்கள் கேட்பது நியாயம்தான் தம்பி. ஒற்றை அளவீடு இல்லை என்று காட்டுவோம்" என்றார். அன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து 34 மாதக் குறிப்பேட்டைத் தட்டச்சு செய்தோம். தேதி, மணி, வெப்பநிலை, மழை பெய்து எத்தனை நாள், கருவியைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது, அளந்தவர் யார். 66 வரிசைகள். எல்லாம் 190-க்கும் 260-க்கும் இடையே. அவற்றின் கீழே 930. விளக்கம் எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஆறு நாள் கழித்து ஆய்வாளர் ஒருவர் தம் கருவியோடு வந்தார். எங்கள் புள்ளியில் நின்று அளந்தார்: 880. பக்கத்திலேயே எங்கள் கருவியை முக்கினேன்: 890. அவர் எங்கள் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதன் பிறகு அவர் எங்களைப் பார்த்துப் பேசிய குரலே மாறியது. குழாயைத் தொடர்ந்து போனதில், ஒரு கட்டடத்தில் கடின நீரை மென்னீராக்கும் இயந்திரத்தைக் கழுவிவிடும் உப்புநீர், கழிவுநீர்க் குழாய்க்குப் பதிலாக மழைநீர்க் குழாயில் இணைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. புதிதாகக் குழாய் போட்டபோது நடந்த தவறு. மாற்றிப் போட்டுமுடிக்கப் பதினொரு வாரம் ஆயிற்று.

அந்தப் பதினொரு வாரத்துக்குப் பிறகு கல்லைப் புரட்டியபோது குழாய்க்குக் கீழே ஒரு மேஃபிளைகூட இல்லை. முந்தைய கணக்கில் 41 இருந்தன. குழாய்க்கு மேலே அப்போதும் இருந்தன. அதுதான் எங்களுக்கு ஒரே ஆறுதல்; மேலிருந்து நீரோடு அடித்துவரப்பட்டுக் கீழே மறுபடி குடியேற அவற்றால் முடியும். அடுத்த கணக்கில் 3. அதற்கடுத்து 2. ஓராண்டு கழித்து 19. இன்னும் 41-ஐத் தொடவில்லை.

இப்படிக் குறிப்பேட்டோடு நீர்க்கரைக்குப் போகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐசக் வால்டன் லீக் என்ற அமைப்பு 1969-இல் ஓடைகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மின்னசோட்டா மாநிலத்தில் 1973 முதல் குடிமக்கள் ஏரிகளில் செக்கி தட்டை இறக்கி எழுதிவருகிறார்கள். ஃப்ளோரிடாவில் 1986-இல் தொடங்கிய லேக்வாட்ச் திட்டத்தில் தன்னார்வலர்கள் எடுத்த அளவுகளையும் தொழில்முறையாளர்கள் எடுத்த அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் நன்றாகப் பொருந்துவதாக 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்று, முறை தவறாமல் செய்தால் என்பது அதற்கான நிபந்தனை. இவ்வளவு இருந்தும் போதவில்லை. நீரின் தரம் அளக்கப்படாததால் குறைந்தது 300 கோடிப் பேர் ஆபத்தை அறியாமல் இருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2021 அறிக்கை கூறியது. கெட்ட நீர் என்று தெரிந்த இடங்களின் கணக்கு அதில் இல்லை. நல்லதா கெட்டதா என்று சொல்லவே ஓர் எண் இல்லாத இடங்களின் கணக்கு அது.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி எங்கள் குழுவில் சேர்ந்தாள். அக்காவுக்கு முழங்கால் வலி; மேடையில் குப்புறப் படுத்து எழ முடியவில்லை. ஆகவே இன்று தட்டை இறக்குவது அவள் முறை. நான் 1.9 என்று எழுதிய பிறகு, அதைக் காட்டாமல் குறிப்பேட்டை மூடிக்கொண்டு, கிளிப்புகளைக் கழற்றிக் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். நீண்ட நேரம் படுத்திருந்தாள். இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். எழுந்தபோது சட்டையெல்லாம் மரத்தூசி.

"இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அண்ணா. 1.95 வருகிறது. உங்களுக்கு எவ்வளவு வந்தது?"

"முதலில் எழுதும்மா, பிறகு சொல்கிறேன்."

அவள் குறிப்பேட்டை வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணியை முதலில் எழுதினாள். மேடையின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, குப்பிப் பெட்டியைத் திறந்து ஸ்டார்ச் புட்டியின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்தோடு காலாவதியாகிறதாம். புதியது ஒன்று வாங்க வேண்டும்.